10⁸ என்பது 108 அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வந்த ஒளி பற்றிய கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் விஷயம் தெரிந்தவர், அதை எளிதாகச் சொல்லவும் தெரிந்தவர். ஆனால் இரண்டாம் பத்தியில் ஒளியின் வேகம் நொடிக்கு 3 × 108 மீட்டர் என்று அச்சாகியிருந்தது. பெருக்கிப் பார்த்தால் 324 மீட்டர் வருகிறது. 20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலியே நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆக, உங்கள் பக்கத்தில் இடி முதலில் கேட்கும், மின்னல் அப்புறம்தான் தெரியும். கட்டுரையாளர் எழுதி அனுப்பியது 3 × 10⁸ ஆகத்தான் இருந்திருக்கும். உயரத்தில் இருந்த 8 வழியில் எங்கோ கீழே இறங்கிவிட்டது. போதாததற்கு அந்தப் பெருக்கல் குறியும் பெருக்கல் குறி இல்லை, ஆங்கில எக்ஸ் எழுத்து. இந்தக் கடிதத்தில் நான் சரியான குறியைப் போட்டிருக்கிறேன்.

நான் கணிதம், இயற்பியல், வேதியியல் வினாத்தாள்களையும் பயிற்சி நூல்களையும் கணினியில் தட்டச்சு செய்து, மெய்ப்பும் பார்த்துக் கொடுப்பவள். என் வேலை நேரத்தில் பாதி எழுத்துகளுக்குப் போகும், மீதி விசைப்பலகையில் இல்லாத குறிகளுக்குப் போகும். அதனால் அந்த 8 எப்படிக் கீழே வந்தது என்பதை உங்கள் அலுவலகத்துக்கு வராமலே என்னால் சொல்ல முடியும்.

வேர்டில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து மேலெழுத்துப் பொத்தானை அழுத்தினால் அந்த எண் மாறுவதில்லை. அது அதே 8-தான். ‘இதைச் சிறிதாக்கி உயர்த்திக் காட்டு’ என்ற கட்டளை மட்டும் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டுரையை வெறும் உரையாக நகலெடுத்துப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது கட்டளை உதிர்ந்துவிடும், 8 மட்டும் வந்து சேரும். ஆனால் ⁸ என்று தனியாகவே ஓர் எழுத்து, உலக மொழிகளின் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு பட்டியலில் இருக்கிறது. ⁰ முதல் ⁹ வரை பத்தும் உண்டு, அவற்றோடு சேர்த்துப் போட உயர்ந்த கழித்தல் குறியும் உண்டு. அதைத் தட்டி வைத்தால் எங்கே நகலெடுத்து ஒட்டினாலும் அது ⁸ ஆகவே போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் உள்ள எழுத்துருவில் அது இல்லையென்றால் ஒரு வெற்றுக் கட்டம் தெரியும். தெரியட்டுமே. கட்டத்தைப் பார்த்தால் மெய்ப்புப் பார்ப்பவர் நிற்பார். 108-ஐப் பார்த்தால் நிற்க மாட்டார்.

எனக்குப் பயம் இந்த வகைப் பிழைகளிடம்தான். அவகாட்ரோ எண் 6.022 × 10²³. அதை 6.022 × 1023 என்று அச்சடித்தால் பார்க்க ஒழுங்கான எண்ணாகவே இருக்கும், யார் கண்ணையும் உறுத்தாது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் வரும் 10⁻¹⁹ கீழே இறங்கினால் ‘10 முதல் 19 வரை’ என்று படிக்கலாம். சதுர மீட்டரில் இருக்கும் ² விழுந்தால் பரவாயில்லை, வாசகர் ஊகித்துக்கொள்வார். அடுக்கு விழுந்தால் ஊகிக்க வழியே இல்லை. கூடப் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்த எண்ணை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும்.

இதைவிட மோசமான ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு மருந்து விளக்கத்தாளை மெய்ப்புப் பார்க்கும் வேலை வந்தது. தட்டச்சு செய்தவரின் திரையில் எல்லாம் சரி, மைக்ரோவுக்கு µ அழகாகத் தெரிந்தது. அச்சுக்குப் போக இருந்த கோப்பில் அதே இடத்தில் மில்லிகிராம். காரணம் ‘சிம்பல்’ என்ற பழைய எழுத்துரு. அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஆங்கில எம் விசையைத் தட்டினால் திரையில் கிரேக்க மியூ தெரியும். உள்ளே இருப்பது எம்தான். யாராவது பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து வேறு எழுத்துருவுக்கு மாற்றினால், உள்ளே இருந்த எம் வெளியே வந்துவிடும். மைக்ரோ போய் மில்லி ஆகிவிடும், அளவு ஆயிரம் மடங்கு கூடிவிடும். அன்று மூலத்தோடு ஒப்பிட்டதால் பிடித்துவிட்டோம். எழுத்துக்கூட்டிப் பார்க்கும் மென்பொருள் இதைப் பிடிக்காது, அதற்கு மில்லிகிராமும் சரியான அளவுதான். மருந்துப் பாதுகாப்பைக் கவனிப்பவர்கள் µ-வைப் போடாமல் மைக்ரோகிராம் என்று விரித்து எழுதச் சொல்வதும் மைக்ரோவும் மில்லியும் ஒன்றுக்கொன்று மாறிவிடும் என்ற அச்சத்தால்தான்.

பார்வைக்கு ஒன்றாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் எழுதுபவர்களுக்கு இதை விளக்க நான் வெளியே போக வேண்டியதில்லை. ஔவையார் என்று ஒரே எழுத்தாகத் தட்டுபவர்கள் உண்டு. ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போடுபவர்களும் உண்டு. தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கணினியில் தேடினால் ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது கிடைக்காது. துணைக்காலுக்குப் பதில் ‘ர’ தட்டி வைத்த கோப்புகளும் என்னிடம் வருகின்றன. எக்ஸும் பெருக்கல் குறியும் அதே கதைதான். டிகிரிக்கு வருவோம்: ° என்ற குறி இருக்க, ஆங்கில ஓ எழுத்தைத் தூக்கி மேலே வைப்பார்கள், சைபரைத் தூக்கி வைப்பார்கள், ஸ்பானிய மொழியில் வரிசை எண்ணுக்குப் போடும் º என்ற எழுத்தைப் பட்டியலில் கண்டெடுத்துப் போடுவார்கள். சைபரைத் தூக்கி வைத்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். கட்டளை உதிர்ந்ததும் 37 டிகிரி 370 ஆகிவிடும். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு செய்தி கேட்கும் பார்வையற்ற வாசகருக்கு, ஓ எழுத்து ஓ என்றே காதில் விழும். அவருக்கு ‘பார்வைக்கு ஒன்று’ என்ற சமாதானமே கிடையாது.

சிறுகோட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். தமிழில் அதற்கு வேலைப் பளு அதிகம். எண்ணுக்குப் பின் விகுதி சேர்க்க அதையே போடுகிறோம்: 10-ஆம், 1918-ல். ‘முதல், வரை’ என்பதற்கும் அதையே போடுகிறோம். கழித்தலுக்கும் அதேதான். விளைவு, ‘1914-1918-ல்’ என்று எழுதும்போது ஒரே கோடு அடுத்தடுத்து இரண்டு வெவ்வேறு வேலை செய்கிறது. குளிர்ப் பிரதேச வெப்பநிலை பற்றி ‘-5--2 டிகிரி’ என்று அச்சானதை நான் படித்திருக்கிறேன். எது கழித்தல், எது ‘முதல் வரை’ என்று விரல் வைத்துத்தான் படிக்க வேண்டும். சில வடிவமைப்பு மென்பொருள்களில் வரியின் கடைசியில் கோடும் அடுத்த வரியின் தொடக்கத்தில் எண்ணும் பிரிந்துவிடும். உறைபனிக்குக் கீழே இருந்த ஊர் அடுத்த வரியில் இதமான வசந்தத்துக்கு வந்துவிடும். உண்மையில் இவை மூன்று தனிக் குறிகள். விகுதிக்கும் சொல் இணைப்புக்கும் விசைப்பலகையில் இருக்கும் சிறுகோடு. ‘முதல் வரை’க்குக் கொஞ்சம் நீண்ட கோடு: 1914–1918-ல். கழித்தலுக்குக் கூட்டல் குறியின் அகலத்தில், அதே உயரத்தில் நிற்கும் கோடு: −5. இந்த மூன்றையும் பிரித்துப் போட்டுப் பாருங்கள், வரி தானாகத் தெளிந்துவிடும். வாக்கியத்தை இடைவெட்டும் நான்காவது நீளக்கோடும் ஒன்று உண்டு. அதற்காக நான் சண்டை போட மாட்டேன். மூன்று புள்ளியைத் தனித்தனியாகத் தட்டுகிறீர்களா, ஒரே எழுத்தாகப் போடுகிறீர்களா என்பதற்கும் சண்டை இல்லை. மேற்கோள் குறி நேராக நின்றால் என்ன, வளைந்தால் என்ன, அதுவும் உங்கள் இஷ்டம். பொருள் மாறும் இடத்தில்தான் என் வழக்கு.

தட்டச்சு செய்பவரை நான் குறை சொல்லவில்லை. அவர் முன்னால் இருக்கும் பலகை அப்படி. அது தட்டச்சுப் பொறியின் வாரிசு. விசைகளைச் சிக்கனம் செய்ய, பழைய பொறிகள் பலவற்றில் 1 என்ற எண்ணுக்கே தனி விசை கிடையாது, சின்ன எல் எழுத்தைத் தட்டிச் சமாளித்தார்கள். தொடக்க மேற்கோளும் முடிவு மேற்கோளும் ஒரே நேர்க்கோடாக ஆனதும் அந்தச் சிக்கனத்தில்தான். பின்னால் கணினிக்காக 1963-ல் ஆஸ்கி என்ற எழுத்துப் பட்டியல் வந்தது, 1967-ல் சின்ன எழுத்துகளும் சேர்ந்து முழுமை பெற்றது. மொத்தம் 128 இடம். அதில் அச்சில் வருபவை, இடைவெளியையும் சேர்த்து, 95. நம் பலகையில் இன்றைக்கும் இருப்பது ஏறக்குறைய அந்த 95தான். அதில் பெருக்கல் இல்லை, வகுத்தல் இல்லை, டிகிரி இல்லை. ஆனால் ^ உண்டு, ` உண்டு. முந்தைய எழுத்துக்கு ஒரு படி பின்னால் போய் அதன் தலையில் ஐரோப்பிய மொழிகளின் உச்சரிப்புக் குறியைப் போடலாம் என்று நினைத்துச் சேர்த்தவை அவை. அந்த வேலைக்கு இன்று அவற்றை யாரும் அப்படிப் பயன்படுத்துவதில்லை, இடம் மட்டும் அவற்றுக்கு நிரந்தரம்.

பலகையில் இடம் பிடித்த குறிக்கு வாழ்வு வந்துவிடும் என்பதற்கு @ சாட்சி. கணக்குப் புத்தகத்தில் விலை போட மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்த குறி அது. 1971-ல் ரே டாம்லின்சன் கணினிகளுக்கிடையே கடிதம் அனுப்ப வழி செய்தபோது, ஆள் பெயரையும் இயந்திரப் பெயரையும் பிரிக்கப் பலகையில் சும்மா இருந்த ஒரு குறியைத் தேடி அதைப் பிடித்தார். × அன்று பலகையில் இருந்திருந்தால் உங்கள் அறிவியல் பக்கத்தில் எக்ஸ் வந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

பலகையை மாற்றச் சொல்லிக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். பிரான்சில் 2016 ஜனவரியில் பண்பாட்டு அமைச்சகமே, நாட்டில் விற்கும் விசைப்பலகையால் பிரெஞ்சு மொழியைப் பிழையின்றி எழுதுவது ஏறக்குறைய முடியாத காரியம் என்று வெளிப்படையாகச் சொன்னது. உச்சரிப்புக் குறி தாங்கிய பெரிய எழுத்துகளும் « » மேற்கோள்களும் அதில் எளிதில் வராது. அந்நாட்டின் தரநிலை அமைப்பான ஆஃப்னார் 2019 ஏப்ரலில் புதிய அமைப்பை வெளியிட்டது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். இருக்கும் பலகையிலேயே வழி இருக்கிறது, தெரிந்துகொள்ளத்தான் ஆள் இல்லை.

விண்டோஸ் கணினி என்றால் பழைய வழி ஆல்ட் எண்கள். ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் இருக்கும் எண் பலகையில் 0176 தட்டிவிட்டு ஆல்ட்டை விட்டால் ° வரும். 0215 பெருக்கல், 0247 வகுத்தல், 0177 கூட்டல்-கழித்தல் சேர்ந்த ±, 0181 மைக்ரோ, 0178-உம் 0179-உம் ² ³, 0189 அரை, 0150 ‘முதல் வரை’க் கோடு. முன்னால் உள்ள சைபர் முக்கியம். அதை விட்டால் கணினி 1981-ல் வந்த ஐபிஎம் பீசியின் பட்டியலுக்குப் போய்விடும். 0176-க்குப் பதில் 176 தட்டினால் டிகிரிக்குப் பதில் புள்ளிப் புள்ளியாக ░ ஒரு கட்டம் வரும். அந்தப் பழைய பட்டியலில் டிகிரிக்கு எண் 248. ‘இது வேலையே செய்யவில்லை’ என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் சைபரை விட்டவர்கள். மீதிப் பேர் எழுத்துகளுக்கு மேல் வரிசையாக இருக்கும் எண்களைத் தட்டியவர்கள். அவை இதற்கு உதவாது, எண் பலகையே வேண்டும், அதை இயக்கும் ‘நம் லாக்’ (Num Lock) விசையின் விளக்கு எரிய வேண்டும். எண் பலகை இல்லாத மடிக்கணினியில் இந்த வழியை மறந்துவிடலாம்.

இன்னொரு தகவல், பழைய ஆட்களுக்கு. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் பல, இந்தக் குறிகள் இருந்த இடங்களிலேயே தமிழ் எழுத்துகளை உட்கார வைத்திருந்தன. டிகிரிக்கு உரிய எண்ணைத் தட்டினால் ஏதோ ஓர் உயிர்மெய் வந்து நிற்கும். ஒரு குறிக்காக ஆங்கில எழுத்துருவுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். அந்தக் காலத்தில் தொழில் பழகியவர்கள் குறி என்றாலே பயந்து, ஓ எழுத்தைத் தூக்கி வைத்துச் சமாளித்ததில் நியாயம் இருந்தது. அந்தப் பயம் மட்டும் கைப்பழக்கமாக அடுத்த தலைமுறைக்கும் வந்துவிட்டது. எழுத்துரு மாறிப் பல வருடமாகிறது, பழக்கம் மாறவில்லை.

வேர்டில் தட்டுபவர்களுக்கு ஆல்ட்டும் எக்ஸும் என்ற வழி இருக்கிறது, நான் அதிகம் நம்புவது இதைத்தான். குறியின் யூனிகோடு எண்ணைத் தட்டி, உடனே ஆல்ட்டோடு எக்ஸை அழுத்தினால் எண் மறைந்து குறி வரும். 2212 கழித்தல், 2013 ‘முதல் வரை’க் கோடு, 2078 என்றால் ⁸, 2264 என்றால் ≤. ஒரு குழியும் உண்டு. 10 என்று தட்டி, அதன் ஒட்டில் 2078 தட்டி அழுத்தினால், வேர்ட் முன்னால் இருக்கும் 10-ஐயும் சேர்த்து 102078 என்று ஒரே எண்ணாக விழுங்கிவிட்டு எதற்கும் உதவாத கட்டம் ஒன்றைக் கொடுக்கும். கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு அழுத்தினால் சரியாக வரும். அதே விசைகளைத் திரும்ப அழுத்தினால் குறி எண்ணாக மாறும் என்பது மெய்ப்புப் பார்ப்பவர்களுக்குக் கிடைத்த வரம். ஒரு வட்டத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தால், அதன் பக்கத்தில் கர்சரை வைத்து அழுத்துவேன். உள்ளே இருப்பது டிகிரியா, ஸ்பானிய வரிசைக் குறியா என்பது எண்ணில் தெரிந்துவிடும்.

எண்களை மனப்பாடம் செய்ய விருப்பமில்லையா? விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளியை அழுத்துங்கள். எல்லாரும் சிரிப்பு முகங்களுக்காகத் திறக்கும் பெட்டிதான். 2019-ல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து அதில் குறிகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. தேடி எடுக்க நேரம் ஆகும், ஆனால் அவசரத்துக்கு உதவும்.

மேக் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆப்ஷன், ஷிப்ட் இரண்டோடு 8 தட்டினால் டிகிரி. ஆப்ஷனோடு சிறுகோடு தட்டினால் ‘முதல் வரை’க் கோடு, கூட ஷிப்ட்டும் சேர்த்தால் நீளக்கோடு. ஆப்ஷனும் எம்மும் மைக்ரோ. ஆப்ஷனும் சாய்கோடும் ÷. வகுத்தலுக்கு இப்படி விசை கொடுத்தவர்கள் வழக்கமான ஆங்கிலப் பலகையில் பெருக்கலுக்குக் கொடுக்கவில்லை, என்ன கணக்கோ. அதற்கு கன்ட்ரோல், கமாண்டு, இடைவெளி மூன்றையும் சேர்த்து அழுத்தி வரும் பெட்டியில்தான் தேட வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால் இதில் மூளையோடு செய்த ஏற்பாடு லினக்ஸில் இருக்கும் கம்போஸ் விசைதான். 1980-களில் டெக் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் முனையங்களில் வந்த யோசனை. பயன்படாத ஒரு விசையை அதற்கென்று ஒதுக்கிக்கொள்கிறோம். அதைத் தட்டி, பிறகு குறியின் உருவத்தை எழுத்தால் சொல்கிறோம். இரண்டு ஓ தட்டினால் டிகிரி. இரண்டு எக்ஸ் தட்டினால் பெருக்கல். 1-உம் 2-உம் தட்டினால் அரை. ^ என்ற கூரைக்குறி போட்டு 8 தட்டினால் ⁸. மூன்று சிறுகோடு தட்டினால் நீளக்கோடு. விரல்களை ஒரே நேரத்தில் மடக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும். எண் எதுவும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை, குறி எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும். விண்டோஸுக்கும் வின்கம்போஸ் என்ற இலவச மென்பொருள் இதே வசதியைத் தருகிறது. நான் அதைப் போட்ட பிறகு கீபோர்டு ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டேன்.

எதுவும் நிறுவ அனுமதி இல்லாத அலுவலகம் என்றால் வேர்டின் தானியங்கித் திருத்தத்தைப் பயன்படுத்தலாம். (டி) என்று தட்டினால் ° ஆக மாற்று, (பெ) என்று தட்டினால் × ஆக மாற்று என்று நாமே பட்டியலில் சேர்த்துவிடலாம். சாதாரண வாக்கியத்தில் வராத கூட்டாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வேர்ட் தன் இஷ்டத்துக்குச் செய்யும் திருத்தங்களைக் கண்காணிக்க வேண்டும். அடைப்புக்குள் ஆங்கில சீ தட்டினால் அது காப்புரிமைக் குறியாகிவிடும். வினாத்தாளில் அ, ஆ, இ என்பதற்குப் பதில் ஆங்கில வரிசை போட்டால் மூன்றாவது கிளை வினா காப்புரிமை பெற்று நிற்கும். கணினி நிரல் பற்றிய கட்டுரையில் நேர் மேற்கோள்களை அது வளைத்துவிட்டால், பார்த்துத் தட்டிய மாணவரின் நிரல் ஓடாது.

சரி, குறியைச் சரியாகத் தட்டியாகிவிட்டது. அதோடு முடிவதில்லை என்பதற்கு உங்கள் இணையப் பதிப்பே எடுத்துக்காட்டு. அங்கே சில கட்டுரைகளில் ஒற்றை மேற்கோளை முடிக்கும் குறி வர வேண்டிய இடங்களில் எல்லாம் தொப்பி போட்ட ஓர் ஆங்கில ஏ, ஒரு யூரோ குறி, ஒரு டிரேட்மார்க் குறி என்று மூன்று பேர் நிற்கிறார்கள். வைரஸ் ஒன்றும் இல்லை. யூனிகோடு எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் வளைந்த மேற்கோள் ஒன்று மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றையும் தனித்தனி எழுத்து என்று நினைத்து விண்டோஸின் பழைய மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் தேடிப் படித்தால் இந்த மூவர்தான் வருவார்கள். டிகிரிக்கு இரண்டே பைட்டுகள், அதனால் தொப்பி போட்ட பெரிய ஏ மட்டும் முன்னால் வந்து, பின்னால் டிகிரி ஒழுங்காக நிற்கும். கோப்பைச் சேமிப்பவரும், அனுப்பும் நிரலும், தரவுத்தளமும், பக்கமும் நான்குமே யூடிஎஃப்-8 என்று ஒத்துக்கொண்டால் இது வராது. உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் யாராவது ஒரு பகல் உட்கார்ந்தால் முடிகிற காரியம். செய்து முடித்த பிறகு பழைய கட்டுரைகளையும் ஒருமுறை துடைத்துவிடச் சொல்லுங்கள், அவைதானே தேடலில் முதலில் வருகின்றன.

எல்லா இடத்திலும் குறிதான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாளிதழ் வாசகருக்கு ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது என்று எழுதினால் அதைவிடத் தெளிவு வேறில்லை. 37 டிகிரி என்று சொல்லாகவே எழுதலாம். மைக்ரோகிராம் என்று விரிக்கலாம். ‘−5 முதல் −2 வரை’ என்று போட்டால் நடுக்கோட்டுச் சண்டையே இல்லை. ஒன்று சொல்லால் எழுதுங்கள், அல்லது உண்மையான குறியைப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓ எழுத்தைத் தூக்கி வைப்பதும், 8-ஐச் சிறிதாக்கி மிதக்க விடுவதும்தான் ஆபத்து. அறிவியல் பக்கத்துக்கும் மருத்துவப் பக்கத்துக்கும் மட்டுமாவது, அச்சுக்குப் போகும் முன் மேலெழுத்தாக வடிவமைக்கப்பட்ட எண்களை மூலத்தில் தேடிப் பார்க்கும் வழக்கத்தை வையுங்கள். வேர்டின் தேடல் பெட்டியிலேயே எழுத்துரு வடிவத்தில் மேலெழுத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடலாம். ஒரு கட்டுரைக்கு ஓரிரு நிமிடம் கூட ஆகாது.

உங்கள் பக்க வடிவமைப்புப் பிரிவுக்காக ஒரு தாள் இணைத்திருக்கிறேன். அறிவியல், மருத்துவம், வானிலைச் செய்திகளில் அடிக்கடி வரும் குறிகளுக்கு விண்டோஸ் எண்களும் வேர்ட் எண்களும் முன்பக்கம் இருக்கின்றன. மேக்கும் கம்போஸும் பின்பக்கம். வேதியியல் வாய்பாடுகளில் கீழே போடும் எண்களை அதில் சேர்க்கவில்லை. அவற்றுக்கும் ₂, ₃ என்று தனி எழுத்துகள் உண்டு, ஆனால் உங்கள் அச்சு எழுத்துருவில் அவை இருக்கின்றனவா என்று உங்கள் ஆட்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இருக்கிறது என்றால் ஒரு வரி எழுதுங்கள், அந்தப் பட்டியலையும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி
(தட்டச்சாளர், மெய்ப்புத் திருத்துபவர்)